வெண்ணாற்றுக்கு முன்னால் நடந்தவர்

திருச்சியில் விமானத்தை விட்டு இறங்கி வாடகைக் காரில் ஏறி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னதும் ஓட்டுநர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"யாருக்குங்க உடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லைங்க. அங்க ரோபோ விட்டிருக்காங்க. அது ஒழுங்கா ஓடுதான்னு பாக்க வந்திருக்கேன்."

"எங்கேருந்து?"

"மலேசியா. ஈப்போ."

கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "அது ஓடுறதப் பாக்க அவ்வளவு தூரத்துலேருந்து ஒரு ஆளா!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் சொன்னதில் தப்பில்லை.

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவள் என்று வீட்டில் பெயர். விமானத்திலும் இருக்கைகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தேன். பணிப்பெண் எனக்கு வயிறு சரியில்லை என்று முடிவு கட்டி, கேட்காமலே எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். இப்படிப்பட்டவளுக்கு வேலையும் அப்படியே அமைந்தது. ஆஸ்பத்திரிக்குள் மருந்தும் ரத்தமும் துணியும் தூக்கிப் போகிற தானியங்கி வண்டிகளின் பின்னால் நாளெல்லாம் நடப்பதுதான் என் பிழைப்பு.

வழியெல்லாம் அறுவடை. வயலுக்குள் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. சாலையின் பாதியில் நெல் காய்கிறது, மீதியில் நாங்கள் போகிறோம். எதிரே லாரி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்க வேண்டும். எங்கள் ஓட்டுநர் எல்லோருக்கும் பின்வாங்கினார். "நெல்லு மேல ஏத்துனா பாவங்க" என்றார். எனக்கு உள்ளங்கால் அரித்தது.

ஆஸ்பத்திரியில் என்னை வரவேற்றவள் இளவரசி. அங்கே மருத்துவக் கருவிகளைக் கவனிக்கும் இன்ஜினியர். நன்னிலம் பக்கத்துப் பெண். தாத்தா காலம்வரை மற்றவர் வயலில் வேலை செய்த குடும்பம். இப்போது அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் நிலம், அண்ணன் பள்ளி ஆசிரியர், இவள் இங்கே. இதையெல்லாம் லிஃப்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். அந்த லிஃப்ட் அவ்வளவு மெதுவாக வந்தது.

"இந்த லிஃப்ட்தான் மேடம் எங்க தலைவலியே. பாக்க வர்ற கூட்டம், டிபன் கேரியர், வீல்சேர், எல்லாம் இதுலதான். அதுக்குத்தான் ரோபோவே வாங்குனோம்."

எங்கள் வண்டிகளுக்கு லிஃப்டோடு பேசத் தெரியும். கம்பியில்லாமலே கூப்பிடும், லிஃப்ட் வேறு யாரையும் ஏற்றாமல் அதற்காக வந்து திறக்கும். கதவுகளோடும் பேசும். ஒன்று குறுகலான வழியில் போனால் மற்றொன்றுக்குச் சொல்லிவிடும், அது ஒதுங்கி நிற்கும். இங்கே இரண்டு வண்டிகள். நர்ஸுகள் ஒன்றுக்குக் காவேரி என்றும் இன்னொன்றுக்கு வெண்ணாறு என்றும் பெயர் வைத்திருந்தார்கள். ஈப்போவில் ஒன்று, இரண்டு, மூன்று என்றுதான் கூப்பிடுவோம்.

வெண்ணாற்றைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. அதன் முகத்தில் அப்பிய சந்தனம், நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். முகம் என்று இவர்கள் நினைத்த இடத்தில்தான் அதன் லேசர் கண் இருக்கிறது.

"யார் செஞ்ச வேலை இது?"

"பூஜை போட்டோம் மேடம். டயருக்கு அடியில எலுமிச்சம்பழம்கூட வெச்சோம். அது பழத்தப் பாத்துட்டு நின்னுடுச்சு. அப்புறம் நாலு பேரு சேந்து தள்ளி நசுக்குனோம்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு அதன் கண்ணைத் துடைத்தேன். பொட்டு வைத்தே தீர வேண்டுமென்றால் முதுகில் வையுங்கள் என்றேன். என்னை எதற்காக வரவழைத்தார்களோ அந்த நோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்றும் நினைத்தேன். வண்டி மெதுவாகப் போகிறது, அதிலும் குழந்தைகள் வார்டிலிருந்து போகும்போது ரொம்ப மெதுவாகப் போகிறது என்பதுதான் அவர்களுடைய புகார். கண்ணில் சந்தனத்தைப் பூசினால் யார்தான் வேகமாகப் போவார்கள்?

மறுநாள், சனிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்கு எதிரே இட்லிக்குக் கடப்பா ஊற்றினார்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சோம்பு வாசமுமாக ஒரு குழம்பு. சாம்பாரும் இல்லை, குருமாவும் இல்லை. ஈப்போவில் எத்தனையோ தமிழ்க் கடையில் தின்றிருக்கிறேன், இப்படி ஒன்று இருப்பதை ஒருவரும் சொல்லவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டேன். "உக்காந்து சாப்புடுங்கம்மா, இட்லி எங்கயும் ஓடிடாது" என்றார் பரிமாறியவர்.

குழந்தைகள் வார்டுக்குப் போனபோது ஸ்டெல்லா சிஸ்டர் ஒரு சிறுமியின் கையைப் பிடித்து நரம்பு தேடிக்கொண்டிருந்தார். சிறுமியின் பெயர் யாழினி. நாலு வயது. கல்லீரலில் கோளாறு. கையெல்லாம் நீலம் பாரித்த ஊசித் தடம். அழக்கூடத் தெம்பில்லாமல் முகத்தை அப்பாவின் சட்டைக்குள் புதைத்திருந்தாள்.

அப்பா முருகையன் வேதாரண்யம் பக்கத்து மீனவர். வெயிலில் கறுத்த உடம்பு, தோளில் துண்டு, அகலமான பாதம். குழந்தையின் அம்மா கைக்குழந்தையோடு ஊரில் இருந்தாள். இங்கே பகலும் இரவும் இவர்தான்.

ஸ்டெல்லா எடுத்த ரத்தத்தை ஐஸில் புதைத்தார். அது ஒரு தனிச் சோதனை. ஐஸில் வைத்தாலும் சீக்கிரம் லேபுக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் கணக்கு தப்பாக வரும் என்று லேபில் கொட்டிவிடுவார்கள். மறுபடி குத்த வேண்டும். லேபோ புது பிளாக்கின் மேல்மாடியில்.

"முதல் தடவ ஆள் கையில அனுப்புனோம். லிஃப்ட்ல கூட்டம், வீணாப் போச்சு. நேத்து உங்க வண்டியில அனுப்புனேன். அதுவும் லேட்டு, கொட்டிட்டாங்க. இன்னைக்காவது போகுமா?" என்று என்னைக் கேட்டார் ஸ்டெல்லா.

"போகும் சிஸ்டர். நேத்து கண்ணுல சந்தனம் இருந்துச்சு. தொடச்சிட்டேன்."

முருகையன் எழுந்து நின்றார். "என்கிட்ட குடுத்தா ஓடிடுவேன்மா. படியிலயே ஏறிடுவேன்."

"சொந்தக்காரங்க கையில ரத்தம் குடுக்கக் கூடாதுங்க. ரூல்ஸ்."

அவர் துண்டை எடுத்து மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். இந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் படுத்திருப்பவருக்குத் துணையாக ஓர் ஆள் உண்டு. ஓடுவதற்கென்று ஓர் ஆள். மருந்துச் சீட்டோடு ஓடுவார், வெந்நீருக்கு ஓடுவார், ஸ்கேன் படத்துக்கு ஓடுவார். ஈப்போவில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் பழத்தை வைத்துவிட்டு மணி அடித்ததும் போய்விடுவார்கள். இங்கே அந்த ஓட்டத்தில்தான் அவர்களுடைய பாசமெல்லாம் இருக்கிறது. நாங்கள் வண்டியைக் கொண்டுவந்து அதைப் பிடுங்கிக்கொண்டோம்.

வெண்ணாறு பெட்டியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டது. நான் மாடியில் இளவரசியின் அறைக்கு ஓடினேன். திரையில் எல்லா வண்டியும் புள்ளியாகத் தெரியும். புள்ளி நகர்ந்தது, ஆனால் ஊர்ந்தது. நடைவழி முழுக்க 'முன்னால் தடை, முன்னால் தடை' என்று ஒரே பல்லவி. ஓர் இடத்தில் தடையென்றால் புரியும். வழி நெடுகவா? கூட்டம்தான் என்று நினைத்தேன்.

"அப்படி ஒண்ணும் கூட்டம் இருக்காது மேடம். அந்த முருகையன் அண்ணன் ரொம்ப ஹெல்ப் பண்றாரு. எல்லாரையும் விலக்கி விட்டுடுவாரு" என்றாள் இளவரசி.

நான் காதில் வாங்கவில்லை. வைஃபை பெட்டியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அரை மணியில் லேபிலிருந்து போன் வந்தது. ஐஸ் கரைந்துவிட்டது, ரத்தம் கொட்டப்பட்டது.

ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவர் என்னை ஒன்றும் திட்டவில்லை, "பிள்ளை கைய இனி எங்க போயி குத்துறது?" என்று மட்டும் கேட்டார். டாக்டர் வந்து, திங்கள்வரை கை ஆறட்டும், மருந்து ஓடட்டும் என்றார். திங்கட்கிழமை அந்தச் சோதனைக் கணக்கு தெரிந்தே ஆகவேண்டும், அதை வைத்துத்தான் இங்கேயே பார்ப்பதா சென்னைக்கு அனுப்புவதா என்று சொல்ல முடியும் என்றார். முருகையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்து, "வண்டிக்கு என்னங்க ஆச்சு?" என்று பணிவாகக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்குக் கேவலமாக இருந்தது.

அன்று தரையைப் பார்த்தேன், சக்கரத்தைப் பார்த்தேன், லிஃப்டைப் பார்த்தேன். ஒன்றிலும் குறையில்லை.

ஞாயிற்றுக்கிழமை இளவரசி விடவில்லை. "நீங்க நடக்குற நடையில எங்க தரை தேஞ்சிடும் மேடம். வீட்டுக்கு வாங்க, மீன் கொழம்பு வெக்கச் சொல்லியிருக்கேன்" என்று நன்னிலத்துக்கு இழுத்துப் போனாள். விரால் மீன் குழம்பு. அவள் அம்மா பரிமாறினார். அப்பா வாசலில் நின்று, நெல்லில் ஈரம் இருக்கிறதென்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று போனில் யாரையோ வைதுகொண்டிருந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு அந்த நீலம் பாரித்த கையையே நினைத்தேன்.

"என்னம்மா, காரமா?" என்றார் அம்மா.

"இல்லைங்க. ஒரு பிள்ளைக்கு நாளைக்கு ஊசி. என் வண்டியாலதான்."

அவர் இன்னொரு துண்டு மீன் வைத்தார். சாப்பிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில்தான் அந்தக் கூத்து. கும்பகோணம் போகும் வழியில் ஓர் ஊரில் சாலையில் நெல், நெல்லின் ஓரத்தில் வாத்துக் கூட்டம், எதிரே அறுவடை மெஷினை ஏற்றிய லாரி. கண்டக்டர் விசிலை வாயில் கவ்விக்கொண்டு குதித்தார். பஸ்ஸுக்கு முன்னால் நடந்தபடி, "ஓரம், ஓரம், வழி விடுங்க" என்று கையை வீசிக்கொண்டு போனார். வாத்து விலகியது. லாரி விலகியது. சாலை காலியானது. ஆனால் கண்டக்டர் நடப்பதை நிறுத்தவில்லை. டீக்கடையில் ஒருவருக்குக் கையசைத்தார், ஒரு கிழவரிடம் மகன் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார். பஸ் அவர் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டே ஊர்ந்தது.

"ஹாரன் அடிக்கச் சொல்லு இளவரசி!"

"வழி விலக்கிக் குடுக்குற மனுசன்மேல ஹாரன் அடிப்பாங்களாக்கா?" சாப்பாட்டுக்குப் பிறகு நான் அவளுக்கு அக்கா ஆகியிருந்தேன்.

முன்சீட்டில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: "இவரு மட்டும் எறங்கலன்னா நாம இங்கயேதான் நிப்போம்." எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

திங்கள் காலை சீக்கிரமே வந்துவிட்டேன். வெண்ணாற்றில் வெறும் மருந்துப் பெட்டியை ஏற்றி அனுப்பினேன். இந்தத் தடவை திரைக்கு முன்னால் உட்காரவில்லை. படிக்கட்டின் திருப்பத்தில் நின்று நடைவழியை நேரிலேயே பார்த்தேன்.

முதலில் வந்தது குரல். "வழி விடுங்க, ஓரமா ஒக்காருங்க, வண்டி வருது, ஓரமா."

பிறகு முருகையன் வந்தார். துண்டை இடுப்பில் இறுகக் கட்டியிருந்தார். ஒரு கையை முன்னால் நீட்டி, நடைவழியில் படுத்திருந்த துணையாட்களையும் பிளாஸ்குகளையும் ஓரமாக்கிக்கொண்டு, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நடந்தார். அவர் முதுகுக்கு இரண்டு அடி பின்னால் வெண்ணாறு. மனிதரின் காலைக் கண்டால் வேகத்தைக் குறை, இடிக்காதே, இடைவெளி விடு என்று நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அது அப்படியே கேட்டது. அவர் மெதுவாக நடந்தால் மெதுவாக வந்தது. அது பின்தங்குகிறதே என்று அவர் நின்றார். உடனே அதுவும் நின்றது.

எனக்கு அந்த பஸ் ஞாபகம் வந்தது. ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஈப்போவில் யாரும் எங்கள் வண்டியை ஏறிட்டுப் பார்ப்பதுகூட இல்லை. போனைப் பார்த்துக்கொண்டே அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். யாராவது அதன்மேல் இவ்வளவு அக்கறை வைப்பார்கள் என்று எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தம்பி, ஏன் முன்னாடி போறீங்க?" என்று கேட்டேன்.

"இது வெறும் பெட்டிதான்னு சொன்னாங்க. இருந்தாலும் பழகிக்கட்டும்னு. பாப்பா ரத்தம் போறப்ப யாரும் மறிச்சிடக் கூடாதுல்ல? கடல்ல போனாக்கூட அணியத்துல ஒருத்தன் நின்னு பாத்துக்கிட்டே போவணும்கா. பின்னால இருக்கவனுக்கு என்ன தெரியும்?" படகின் முன்முனையைத்தான் அப்படிச் சொன்னார்.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். என் வாய் பொல்லாதது. தப்பு யார்மேல் என்று உடனே சொல்லாவிட்டால் அதற்குத் தூக்கம் வராது. ஆனால் அந்த இரண்டு ஊசித் தடமும் உங்களால்தான் என்று இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? "இன்னைக்கு ஒரு புது ஏற்பாடு தம்பி. வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே எல்லாரையும் ஓரமா ஒக்கார வெச்சிருங்க. அப்புறம் நீங்களும் செவத்தோட நில்லுங்க. யாரும் அதுக்கு முன்னாடி நடக்கக் கூடாது" என்றேன்.

மறுபடி வெறும் பெட்டியோடு அனுப்பிப் பார்த்தோம். வெண்ணாறு விர்ரென்று போனது. லிஃப்ட் காத்திருந்து திறந்தது. ஸ்டெல்லா கூடவே வந்து பார்த்துவிட்டு, "சரி, எடுக்குறேன்" என்றார்.

யாழினிக்கு இந்த முறை காலில் குத்தினார்கள். நான் வெளியே நின்று காதைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஐஸ் வந்தது, பெட்டி பூட்டியது, வெண்ணாறு கிளம்பியது.

முருகையன் தம் வேலையைச் செய்து முடித்திருந்தார். நடைவழியின் இரண்டு பக்கமும் சனங்கள் காலை மடக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், தேர் பார்க்க உட்கார்ந்தவர்கள் மாதிரி. அவர் சுவரோடு ஒட்டி நின்றார். துண்டின் நுனியை இறுக்கிப் பிடித்திருந்தார்.

எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் திறக்குமா? போன தடவை திறந்தது, இப்போது திறக்குமா? யாராவது உள்ளே நின்றால்? கால் தானாக நடந்தது. வேகமாக லிஃப்டை நோக்கிப் போனேன். பாதி வழியில் ஒரு செருப்பு கிடந்தது, குனிந்து எடுத்து ஓரம் போட்டேன். எதிரே வந்த ஒருவரைக் கையமர்த்தினேன்.

"அக்கா! ஓரமா!"

முருகையனின் குரல். கடலில் அடுத்த படகுக்குக் கேட்கிற மாதிரிக் கத்தினார். திரும்பினேன். என் முதுகுக்குப் பின்னால் வெண்ணாறு நின்றுகொண்டிருந்தது.

சுவரில் போய் மோதிக்கொண்டேன். அது ஒரு கணம் யோசித்தது. பிறகு என்னைத் தாண்டிப் போய் லிஃப்டுக்குள் நுழைந்தது. கதவு மூடியது.

எல்லோரும் அங்கேயே காத்திருந்தோம். ஸ்டெல்லாவின் மேசையில் போன் அடித்தபோது நடைவழியே திரும்பிப் பார்த்தது. அவர் கேட்டார், வைத்தார். "ஐஸ் அப்படியே இருந்துச்சாம். மெஷின்ல போட்டுட்டாங்க. இன்னைக்கு இனி ஊசி கிடையாது."

யாரோ கைதட்டினார்கள். முருகையன் தட்டவில்லை. மெல்ல என்னிடம் வந்தார்.

"அக்கா, நீங்க முன்னால போனீங்க, அது நின்னுடுச்சு."

"ஆமா தம்பி."

"அப்ப முன்ன ரெண்டு தடவையும்?"

நான் லிஃப்ட் என்று சொல்லியிருக்கலாம். வைஃபை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவருடைய கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. கடலையே படிக்கிற ஆளிடம் என் முகம் எம்மாத்திரம்?

"எப்படிப் போகணும்னு உங்களுக்கு நாங்க சொல்லலயே தம்பி. சொல்லிக்குடுத்த நானே இப்ப முன்னாடி போய் நின்னேன். மனசு கேக்கல."

அவர் சுவரோரம் குந்தி உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குப் போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. வார்டுக்குள்ளிருந்து "அப்பா" என்று கேட்டது. அவர் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வர்றேன்டா" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்து, மகளின் காலை மடியில் எடுத்து வைத்து, பஞ்சு ஒட்டியிருந்த இடத்தில் ஊதினார். ஊதிக்கொண்டே இருந்தார்.

நான் அவர் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த பெண் எனக்காகத் தன் பாயைக் கொஞ்சம் நகர்த்தினாள். லிஃப்ட் திறந்து வெண்ணாறு வெறும் பெட்டியோடு திரும்பி வந்தது. காலை மடக்கிக்கொண்டேன். அது என்னைக் கடந்து போனது. நான் எழுந்திருக்கவில்லை.